ஊரின் பெயரில் போன பியர்: யோசெப் குரோலின் வாழ்க்கை

எனது சித்தப்பா 1985இல் ஜேர்மனிக்குப் போனவர். முதலில் அகதி முகாம், பிறகு உணவகச் சமையலறைகள் என்று அவருடைய காலம் போயிற்று. இப்போது இருப்பது பவேரியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஒஸ்ரிய எல்லையை ஒட்டிய பஸாவ் நகரத்தில். சென்ற வருடம் அவரிடம் போய் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஒரு நாள் இரவு, வேலை முடிந்து சமையலறை ஆட்கள் பின்கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது ஒரு சண்டையைப் பார்த்தேன். சண்டை பியரைப் பற்றியது.

பாத்திரம் கழுவும் பகுதியைப் பார்க்கும் பவேரியக்காரர் ‘ஹெல்லஸ்’ குடிப்பவர். அது தானிய இனிப்புக் கொஞ்சம் முன்னுக்கு நிற்கும் மென்மையான வெளிர்நிற பியர். ஹம்பேர்க் பக்கமிருந்து வந்த சமையற்காரர் ‘பில்ஸ்’ குடிப்பவர். அதில் ஹொப்ஸ் பூவின் கசப்புத்தான் முதலில் நாக்கைத் தொடும். கசப்பை விரும்புகிறவனுக்குப் பியர் குடிக்கத் தெரியாது, மருந்து குடிக்கத்தான் தெரியும் என்பது பவேரியக்காரரின் கட்சி. ஹெல்லஸ் என்பது குழந்தைகளுக்குக் கொடுக்கிற பானம் என்பது மற்றவரின் கட்சி. சித்தப்பா கசப்பின் பக்கம். பாவற்காயும் வேப்பம்பூ வடகமும் தின்று வளர்ந்த நாக்கு வேறு எந்தப் பக்கம் போகும் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்தச் சண்டைக்கு விதை போட்ட மனிதன் இங்கிருந்து இருபது கிலோமீற்றர் அளவு தூரத்தில்தான் பிறந்தான், நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அப்படித்தான் யோசெப் குரோல் எனக்கு அறிமுகமானார்.

இதை எழுதலாமா என்று நீண்ட நாள் யோசித்தேன். எங்கள் வடக்கில் மதுவைப் பற்றி எழுதுவது சுலபமான காரியம் அல்ல. போருக்குப் பிறகு குடி எத்தனை வீடுகளுக்குள் புகுந்து என்ன செய்தது என்பதை நேரில் பார்த்து, செய்தியாகவும் எழுதியவள் நான். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குரோலின் கதையில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஒரு பொருளை ஓர் ஊர் தன்னுடையது என்று சொல்லும்போது, அதற்குள் எத்தனை பேருடைய கை இருக்கிறது, அவர்களில் யாருடைய பெயர் மிஞ்சுகிறது என்ற கேள்வி அது.

டன்யூப் கரையில் ஒரு பியர் வீடு

ஃபில்ஸ்ஹோஃபன் டன்யூப் நதிக்கரையிலுள்ள சிறிய நகரம. குரோல் அங்கே 1813 ஓகஸ்ட் 21ஆம் திகதி பிறந்தார். தகப்பனுக்குச் சொந்தமாகப் பியர் ஆலை இருந்தது. மகனும் அதே தொழிலுக்குள் வளர்ந்தார்.

அந்தக் காலத்துப் பவேரியாவில் பியர் காய்ச்சுவது சட்டங்களுக்குக் கட்டுப்பட்ட தொழில். பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே சேர்க்கலாம் என்ற கட்டளை 1516ஆம் ஆண்டிலிருந்து இருந்தது. கோடையில் காய்ச்சிய பியர் கெட்டுப்போகிறது என்பதால், 1553இல் இன்னொரு கட்டளை வந்தது. செப்ரெம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் 23 வரை மட்டுமே காய்ச்சலாம். ஆகவே குளிர்காலத்தில் காய்ச்சி, நிலத்துக்கடியில் தோண்டிய குளிர்ந்த நிலவறைகளில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அந்தக் குளிரில் வேலை செய்யப் பழகிய ஒரு வகை ஈஸ்ட், புளித்து முடிந்ததும் பீப்பாவின் அடியில் படிந்தது. மேலே தெளிந்த, சுத்தமான சுவையுள்ள பியர் கிடைத்தது. சேமித்து வைப்பது என்ற பொருளுள்ள ஜேர்மன் சொல்லிலிருந்துதான் ‘லாகர்’ என்ற பெயர் வந்தது. எங்கள் ஊர்களில் விற்கும் லயன் லாகர் போத்தலில் இருப்பதும் அதே சொல்தான்.

ஆனால் குரோலின் இளமைக்காலத்துப் பவேரிய லாகர் கருஞ்சிவப்பாகவோ கபில நிறமாகவோ இருந்தது. முளைக்கவிட்ட பார்லியைச் சூளையில் உலர்த்தும்போது அது கருகி நிறம் மாறியதே காரணம். பொன்னிறத்தில் கண்ணாடிபோலத் தெளிந்த லாகரை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வீதியில் ஊற்றிய 36 பீப்பாய்கள்

இனிக் கொஞ்சம் வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். பில்சன் இன்றைய செக் குடியரசின் மேற்கில் உள்ள நகரம். குரோலின் காலத்தில் அது ஒஸ்ரியப் பேரரசின் பொஹேமியா மாகாணத்துக்குள் இருந்தது. செக் மொழி பேசுபவர்களும் ஜேர்மன் மொழி பேசுபவர்களும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள்.

1295இல் அந்த நகரத்தை நிறுவிய அரசன் இரண்டாம் வென்செஸ்லாஸ், 260 வீட்டுக்காரர்களுக்குப் பியர் காய்ச்சி விற்கும் உரிமையைக் கொடுத்தான். அந்த உரிமை வீட்டோடு சேர்ந்த சொத்து. தலைமுறை தலைமுறையாக அவரவர் முறைப்படி காய்ச்சினார்கள். மேலே நுரைத்துப் புளிக்கும் பழைய வகை ஈஸ்ட்தான் பாவனையில் இருந்தது. ஒரு முறை நன்றாக வரும், அடுத்த முறை புளித்துப்போகும். உரிமை கையில் இருந்தது. தரத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

குடிக்கிறவர்கள் கடைசியில் பொறுமை இழந்தார்கள். 1838இல் 36 பீப்பாய்ப் பியரை நகர மண்டபத்துக்கு முன்னால் உருட்டிக்கொண்டு வந்து, எல்லோரும் பார்க்கத் தரையில் ஊற்றினார்கள். குடிப்பதற்குத் தகுதியில்லாதது என்ற தீர்ப்பு அது. எங்கள் தவறணைகளில் புளித்த கள்ளை வாயில் வைத்துவிட்டு, பிளாவைக் கவிழ்த்துவிட்டுப் போகிற பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் விளங்கும். பில்சனில் அதை ஒரு நகரமே சேர்ந்து செய்தது.

ஊற்றியதோடு நின்றிருந்தால் அது ஒரு நாள் ஆர்ப்பாட்டமாக முடிந்திருக்கும். உரிமையுள்ள வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி, தனித்தனியாகக் காய்ச்சுவதை விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒரு புதிய ஆலை கட்ட முடிவெடுத்தார்கள். மார்ட்டின் ஸ்டெல்சர் என்ற கட்டடக் கலைஞரிடம் அந்த வேலை போனது. ஆற்றங்கரையில் நிலம் எடுத்தார்கள். மணற்பாறையைக் குடைந்து நிலவறைகள் அமைத்தார்கள். பவேரிய முறையில் லாகர் காய்ச்சுவது என்றும், அதற்குத் தெரிந்த ஆளைப் பவேரியாவிலிருந்தே கொண்டுவருவது என்றும் தீர்மானித்தார்கள். வந்தவர் யோசெப் குரோல். 1842இல் அவருக்கு வயது 29.

ஐந்து பொருள்கள், ஒரு பீப்பா

குரோல் பில்சனில் என்ன செய்தார் என்பதை விளங்கிக்கொள்ள, அவருக்கு முன்னால் இருந்த பொருள்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பார்லி. அதை நெருப்பின் புகையும் நேரடிச் சூடும் படாமல், சூடான காற்றினால் மட்டும் மெதுவாக உலர்த்தினார்கள். இது இங்கிலாந்தில் வளர்ந்த நுட்பம். அப்படி உலர்த்தினால் மோல்ட் கருகாது, வெளிறியே இருக்கும்.

இரண்டாவது, தண்ணீர். பில்சனின் தண்ணீர் மிக மென்மையானது, உப்புகள் மிகக் குறைந்தது. சுண்ணாம்புப் பாறையிலிருந்து இறைக்கும் எங்கள் யாழ்ப்பாணக் கிணற்று நீருக்கு நேர்மாறு. கடினமான தண்ணீரில் ஹொப்ஸின் கசப்பு முரட்டுத்தனமாக நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மென்மையான தண்ணீரில் அதே கசப்பு வந்து, தங்காமல் போய்விடும்.

மூன்றாவது, ஹொப்ஸ். உயரமான கம்பிகளில் ஏறிப் படரும் கொடியின் பெண்பூ அது. பூவிதழ்களுக்கு அடியில் மஞ்சள் தூள் இருக்கும். கொதிக்கும் சாற்றில் அதைப் போட்டால் கசப்பும் வாசமும் இறங்கும். பியர் விரைவில் கெட்டுப்போகாமலும் அது காக்கும். பில்சனுக்கு வடக்கே ஸாட்ஸ் என்று ஜேர்மன் மொழியிலும் ஷாட்டெஸ் என்று செக் மொழியிலும் அழைக்கப்படும் ஊரைச் சுற்றி விளையும் ஹொப்ஸ், மென்மையான கசப்புக்கும் மூலிகை போன்ற வாசத்துக்கும் பேர்போனது. குரோல் அதைத் தாராளமாகப் போட்டார்.

நான்காவது, பவேரிய ஈஸ்ட். ஐந்தாவது, நிலவறையின் குளிர்.

1842 ஒக்ரோபர் 5ஆம் திகதி முதல் தடவையாகக் காய்ச்சினார். நவம்பர் 11ஆம் திகதி, புனித மார்ட்டின் திருநாளன்று, நகரத்துத் தவறணைகளில் அது பரிமாறப்பட்டது. பவேரியர் ஒருவர் காய்ச்சியது என்றால் கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு முன்னால், வெள்ளை நுரையோடு பொன்னிறமான ஒன்று வந்தது. நான்கு வருடத்துக்கு முன் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்த அதே ஊர் குடித்துப் பார்த்தது. இந்தத் தடவை எதையும் தரையில் ஊற்றவில்லை.

ஊர் அவரை வைத்துக்கொள்ளவில்லை

குரோலின் குணத்தைப் பற்றி நல்ல வார்த்தை குறைவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எளிமையானவர், பிடிவாதக்காரர், பண்பாகப் பேசத் தெரியாதவர் என்பார்கள். பவேரியா முழுவதிலும் அவனைப்போல முரடன் கிடையாது என்று பெற்ற தகப்பனே சொன்னதாக ஒரு கதை இன்றும் வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு கதை பிறப்பதற்கு ஏதோ காரணம் இருந்திருக்கும்.

பில்சன்காரர்கள் அவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 1845இல் முடிந்தது. அதை அவர்கள் புதுப்பிக்கவில்லை. குரோல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஃபில்ஸ்ஹோஃபனுக்குத் திரும்பினார். இன்று உலகத்தில் விற்கும் பியரின் பெரும்பகுதிக்குப் பாட்டன் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடக்கிவைத்தவர், அந்த இடத்தில் மூன்று வருடத்துக்குக் கூட முழுதாக இருக்கவில்லை.

அவர் போனார், முறை தங்கியது. அவருக்குப் பின்னும் அந்த ஆலையின் தலைமைப் பொறுப்புக்குப் பவேரியர்களே நீண்டகாலம் வந்துகொண்டிருந்தார்கள். 1860களில் புகையிரதப் பாதை வந்ததும் பில்சன் பியர் எல்லை தாண்டியது. போன இடமெல்லாம் அதைப்போல ஒன்றைக் காய்ச்சி, பில்சன் என்ற பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். பில்சன்காரர்கள் 1859இலேயே பெயரைப் பதிவு செய்திருந்தார்கள். 1898இல், மூல ஊற்று என்ற பொருள் வரும் ‘உர்க்வெல்’ என்ற சொல்லைச் சேர்த்து மீண்டும் பதிந்தார்கள். ஆனால் பில்ஸ் என்பது ஓர் ஊரின் பொருளாக இல்லாமல் ஒரு வகையின் பெயராகிவிட்டது என்றே ஜேர்மன் நீதிமன்றங்கள் கண்டன. எந்தப் பதிவிலும் குரோல் என்ற பெயர் இல்லை. ஊரின் பெயர் பியருக்குப் போனது. பியரின் பெயர் உலகத்துக்குப் போனது.

குரோலின் சொந்த நாட்டின் நாக்கோ அவருடைய கசப்புக்கு முழுதாக இணங்கவில்லை. வெளிர்நிறப் பியருக்கு இருந்த மவுசைப் பார்த்த மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை, 1894இல் தானும் ஒரு வெளிர்நிற லாகரை வெளியிட்டது. நிறத்தை எடுத்துக்கொண்டது, ஹொப்ஸைக் குறைத்துக்கொண்டது. அதுதான் ஹெல்லஸ். ஜேர்மனியின் வடக்கிலோ கசப்பு இன்னும் கூர்மையானது. உர்க்வெல்லின் கசப்பு இன்றைய அளவுமுறையில் சுமார் 40 அலகு. வழக்கமான ஹெல்லஸ் ஏறக்குறைய அதில் பாதி. சித்தப்பாவின் சமையலறைப் பின்கதவில் நடந்த சண்டை அந்த அளவுகளுக்கு இடையில் நடக்கிற சண்டைதான். செக்காரர் ஒருவர் அங்கே இருந்திருந்தால், பியர் என்றாலே இதுதானே, இதற்கு ஏன் தனிப்பெயர் என்று கேட்டிருப்பார்.

குரோல் தகப்பனின் ஆலையைப் பொறுப்பெடுத்து, சொந்த ஊரில் அமைதியாகத் தொழில் செய்தார். 1887இல், 74ஆவது வயதில், ஊரிலுள்ள வொல்ஃபர்ஸ்டெட்டர் தவறணையில் தான் வழக்கமாக உட்காரும் மேசையிலேயே உயிர் விட்டார் என்று சொல்கிறார்கள்.

கொடிகள் நின்றன, ஆட்கள் இல்லை

அவர் இறந்து 58 வருடத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்லாமல் இந்தக் கதையை என்னால் முடிக்க முடியவில்லை.

குரோல் ஹொப்ஸ் எடுத்த ஸாட்ஸ் பகுதியில் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஜேர்மன் மொழி பேசியவர்கள். ஹொப்ஸ் வணிகத்தில் யூதர்கள் பலர் இருந்தார்கள். நாஸிகளின் ஆக்கிரமிப்பில் யூதர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பில்சனிலிருந்து 1942 ஜனவரியில் கொண்டுபோனவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் திரும்பவே இல்லை. 1945 ஏப்ரலில் பில்சன்மீது குண்டுகள் விழுந்தன. பியர் ஆலையும் சேதமானது. போர் முடிந்ததும் பழிதீர்ப்புத் தொடங்கியது. 1945 ஜூனில் ஸாட்ஸ் நகரத்து ஜேர்மன் ஆண்களை அருகிலுள்ள போஸ்டோலோபர்ட்டிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். 1947இல் அங்கே புதைகுழிகளைத் தோண்டியபோது 763 உடல்கள் கிடைத்தன. செக்கோஸ்லோவாக்கியா முழுவதிலுமிருந்து சுமார் 30 இலட்சம் ஜேர்மன்காரர்கள் தப்பியோடியும் துரத்தப்பட்டும் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் குரோலின் பவேரியா.

போஸ்டோலோபர்ட்டியில் அந்த நிகழ்வின் அப்பாவிப் பலிகள் எல்லோருக்கும் என்று ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது 2010இல்தான். 65 வருடம் எடுத்திருக்கிறது. ஷாட்டெஸ் ஹொப்ஸ் நிலப்பரப்பை 2023இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கொடிகள் இன்றும் அதே மண்ணில் ஏறுகின்றன. அவற்றை அன்று நட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை அங்கே இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் சிலர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தங்கள் காணியின் பனைகளை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பியவர்களாக இருக்கலாம். அதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

இந்தப் பியர் யாருடையது என்று இன்றும் கேட்கிறார்கள். காய்ச்சியவர் பவேரியர் என்பதால் அது ஜேர்மன்காரருடையது என்று ஒரு கட்சி. ஊரும் தண்ணீரும் பூவும் எங்களுடையவை என்று செக்காரர். இரண்டுமே பொய்யல்ல. மோல்ட் உலர்த்தும் முறை இங்கிலாந்துடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கோ இன்னொரு பங்காளி நினைவில் நிற்கிறார். அந்த 36 பீப்பாயை ஊற்றியவர். தாத்தன் பூட்டன் காலத்து உரிமை என்பதற்காகக் கெட்டுப்போனதைக் குடிக்க மாட்டேன் என்றவர். அவருக்கும் பெயரில்லை. அவர் ஊற்றாவிட்டால் குரோலை யாரும் அழைத்திருக்கப்போவதில்லை.

ஃபில்ஸ்ஹோஃபனில் குரோலின் பழைய ஆலை இன்று இல்லை. அவர் இறந்த தவறணையின் பெயரைக் கொண்ட ஆலை, அவருடைய பெயரிலேயே ஒரு பில்ஸ் விற்கிறது. சித்தப்பா ஒன்று வாங்கினார். நான் குடிக்கிற பழக்கம் இல்லாதவள். எழுதப் போகிறவள் சுவை தெரியாமல் எழுதக் கூடாது என்று அவர் கிளாஸை என் பக்கம் தள்ளினார். ஒரு வாய் எடுத்தேன். முதலில் வைக்கோல் வாசம், அடுத்து ஏதோ பச்சிலை, கடைசியில் கசப்பு. அம்மா பொரிக்கிற வேப்பம்பூ வடகத்தின் கசப்பு இதைவிடக் கடுமையானது என்றேன்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வடகம் இப்போதும் போடுகிறாவா என்று கேட்டார். போடுகிறா, ஆனால் பழைய வளவில் நின்ற வேம்பு இப்போது இல்லை, பூ பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்றேன். அடுத்த தடவை யாராவது வந்தால் கொஞ்சம் கொடுத்துவிடச் சொன்னார். போன மாதம் ஒரு பொதி அனுப்பிவைத்தோம்.